மேட்ரன் நேர்காணலுக்கு நான் தயாரான விதம்

சீழ் எனக்கு அருவருப்பில்லை. வாந்தி, மலம், புழு வைத்த புண், மூன்று நாள் வலியோடு கிடந்துவிட்டு மாட்டுவண்டியில் வந்து இறங்கிய பிரசவம், எதுவும் என்னை முகம் சுளிக்க வைத்ததில்லை. புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, கையைச் சோப்புப் போட்டு அலம்பி, டிபன் பாக்ஸைத் திறந்து புளிச்சோறு சாப்பிட்டவள் நான். அப்படிப்பட்ட எனக்கு அருவருப்பு என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்தது எண்பதுகளின் நடுவில், ஈஸ்டருக்கு முன்னால் வந்த ஒரு தவக்காலம். அந்த ஆறு வாரமும் நான் ஒரு நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன்.

வேலை பார்த்தது பொம்மிடிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். அங்கே மேட்ரனாக இருந்த வெளிநாட்டு மதருக்கு வயதாகிவிட்டது, ஊருக்குத் திரும்பப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். அதுவரை மேட்ரன் என்றால் கன்னியாஸ்திரிதான். மேலிடத்திலிருந்து கடிதம் வரும், பெட்டியோடு ஒருவர் வந்து இறங்குவார், மறுநாள் காலையில் எங்களை அதட்ட ஆரம்பிப்பார். இந்த முறை அனுப்புவதற்கு ஆள் இல்லை. இருக்கிற நர்சுகளில் ஒருவரையே மேட்ரனாகப் போடுவது, அதற்கு ஆஸ்பத்திரி நிர்வாகக் கமிட்டி நேர்காணல் நடத்துவது என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். கமிட்டியில் மூன்று பேர். சேலத்திலிருந்து வரும் ஒரு ஃபாதர், பெங்களூரிலிருந்து வரும் ஒரு டாக்டர், எங்கள் பெரிய டாக்டர். விண்ணப்பம் போட்டவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், இன்னொன்று அவள்.

அவள் எனக்கு ஒரு வருடம் பின்னால் சேர்ந்தவள். கல்யாணம் ஆகவில்லை, நர்சுகள் விடுதியில் இருந்தாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு அந்த வேலை எதற்கு என்று ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். மேட்ரனுக்கு வளாகத்துக்குள்ளேயே ஒரு வீடு உண்டு. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் கிணறு. அவளுடைய அம்மா ஒரு பக்கம் கைகால் விழுந்து அரூர்ப் பக்கம் அண்ணன் வீட்டில் கிடந்தார். அண்ணி அந்த அம்மாவின் கட்டிலை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றியிருந்தாள். விடுதியில் வெளியாளைத் தங்க விடமாட்டார்கள். மேட்ரன் வேலை கிடைத்தால் அம்மாவைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எனக்கு வீடு வேண்டியிருக்கவில்லை. தருமபுரியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்களுக்குச் சொந்த வீடு இருந்தது, தினமும் பஸ்ஸில்தான் போய்வருவேன். எனக்கு வேண்டியிருந்தது கதவில் பலகை தொங்கும் ஒரு அறை. பதினைந்து வருடம் நின்றபடியே வேலை பார்த்தவளுக்கு உட்கார ஒரு நாற்காலி. அதை ஆசைப்பட்டதில் தப்பில்லை என்று இன்றும் நினைக்கிறேன். தப்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் கலெக்டர் ஆபீசில் கிளார்க். எத்தனையோ நேர்காணல்களுக்குக் கோப்பு கட்டியவர், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை உள்ளே பெயர் சொல்லிக் கூப்பிட்டவர். தன்னைவிட இதில் விஷயம் தெரிந்த ஆள் ஜில்லாவிலேயே இல்லை என்று அவருக்கு எண்ணம். சேலத்துக்குப் போய் நூறு கேள்விகளும் அவற்றுக்கு இங்கிலீஷில் பதில்களும் உள்ள ஒரு புத்தகத்தை வாங்கிவந்தார். சாயங்காலம் காப்பி குடித்ததும் கூடத்தில் நாற்காலியைப் போட்டு, முன்னால் ஒரு ஸ்டூலை வைத்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் வெளியே போய் நின்று, என் வீட்டுக் கதவை நானே தட்டி, "மே ஐ கம் இன் சார்" என்று கேட்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா முறத்தோடு வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார். பன்னிரண்டு வயது மகள் உள்ளேயிருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

"நீ இப்பிடி எலியாட்டம் நொழஞ்சா வேல குடுப்பானா? தலய நிமித்தி வா. மறுபடியும் போ" என்பார்.

மறுபடியும் போவேன். சாதம் அடிபிடிக்கிற வாசனை வரும். அவர் எழுந்திருக்க மாட்டார், கமிட்டி எழுந்திருக்காதாம்.

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பது முதல் கேள்வி. "என்னாத்தச் சொல்றது, நர்சா இருக்கறன்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். என்னிடம் தலைமைப் பண்பு உண்டு, நெருக்கடியில் நிதானம் உண்டு, நான் எல்லோரையும் அரவணைத்துப் போகிறவள் என்று புத்தகத்தில் இருந்ததை மனப்பாடம் செய்யச் சொன்னார். தன்னைத்தானே இப்படிப் புகழ்ந்துகொள்கிறவளை வார்டில் பார்த்தால் நாங்கள் ஒரு மாதம் கிண்டல் செய்வோம். உங்கள் குறை என்ன என்பது இன்னொரு கேள்வி. அதற்குப் பதில், நான் அளவுக்கு மீறி உழைக்கிறேன் என்பது. நான் வாயைத் திறந்து அதைச் சொன்னபோது, கெட்டுப்போன பாலை வாயில் வைத்துக்கொண்டு முழுங்கச் சொன்னது போல இருந்தது.

"பதிலு தெரியாத கேள்வி வந்தா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆமான்னும் சொல்லாத, இல்லன்னும் சொல்லாத. கமிட்டி பார்வைக்கு வெக்கறன்னு சொல்லு. கலெக்டர் ஆபீசே அதுலதான் ஓடுது."

அதையும் இருபது தடவை சொல்ல வைத்தார். சம்பளத்தை உயர்த்து என்று நர்சுகள் கேட்டால்? கமிட்டி பார்வைக்கு வைக்கிறேன். தண்ணீர் வரவில்லை என்றால்? கமிட்டி பார்வைக்கு வைக்கிறேன். மகள் படம் பார்க்கப் பணம் கேட்டபோதும் அவர் அப்படியே சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நாலாவது வாரம் மீன் வந்தது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிற ஒருவருக்கு இவர் ஏதோ பட்டா விஷயத்தில் உதவியிருந்தார். அந்த ஆளிடம் சொல்லிப் பெரிய வாளை மீன் ஒன்றை வாங்கி, ஓலைக்கூடையில் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கறி கிடையாது, எங்களுக்குத்தான் என்று நினைத்து நான் மசாலா அரைக்க உட்கார்ந்தேன். "அத அரைக்காத. இது உங்காஸ்பத்திரி மேனேஜர் வூட்டுக்கு" என்றார். நானும் கூடவே போக வேண்டுமாம். வெள்ளைப் புடவையில், ஊறி ஒழுகுகிற கூடையோடு, ஒரு மணி நேரம் பஸ். மீன் தண்ணீர் என் முழங்காலில் இறங்கியது. மேனேஜர் கூடைக்குள் மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் எதுக்குங்க என்று சொல்லியபடியே உள்ளே கொடுத்தனுப்பினார். பிறகு என் வீட்டுக்காரரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கமிட்டி நீல ரிஜிஸ்டரக் கேட்டிருக்காங்க. அதுல ரெண்டு பேரு பேரும் இருக்குதான்னு பாப்பாங்க. உங்க வூட்டம்மா பேரு இல்ல. அந்தப் பொண்ணு பேருதான் ஒரு பக்கத்துல இருக்குது."

திரும்பும் பஸ்ஸில் இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அந்த ஒரு பக்கம் போதும் உனக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தப் புடவையை மூன்று தடவை வெளுத்தேன், நாற்றம் போகவில்லை.

நீல ரிஜிஸ்டர் என்பது நர்சுகள் செய்த தப்புகளை மதர் எழுதிவைக்கும் நீல அட்டை நோட்டு. அவள் பெயர் இருந்த பக்கத்தில் எழுதியிருந்தது என் தப்பு.

பதிமூன்று வருடத்துக்கு முந்தைய விஷயம் அது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் கோயில் எந்தப் புனிதையின் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயரையே வீட்டுக்கு வீடு பெண்களுக்கு வைப்பார்கள். ஒரே ஊரிலிருந்து மூன்று பேர் வந்து படுத்தால் மூன்று பேருக்கும் ஒரே பெயர். அதனால் நாங்கள் கட்டில் எண்ணை வைத்துத்தான் மருந்து கொடுப்போம், கேஸ் சீட்டு கட்டிலின் கால்மாட்டில் தொங்கும். அன்று காலை நாலாம் கட்டிலில் ஒரு பாட்டி இறந்துபோனார். மத்தியானம் அதே கட்டிலில் ஒரு இளம்பெண்ணைச் சேர்த்தோம், பென்சிலின் ஆகாது என்று அவள் சீட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. செத்த கட்டிலில் எங்கள் ஜனம் படுக்காது. மெத்தையை மாற்றினாலும், டெட்டால் போட்டுத் துடைத்தாலும் படுக்காது. அந்தப் பெண்ணின் அம்மா அழுதிருக்கிறார். ஏழாம் கட்டிலில் இருந்த, கல்லுடைக்கிற வேலை செய்யும் ஒரு பெண், எனக்கு ஒன்றும் பயமில்லை என்று எழுந்து நாலுக்கு மாறிவிட்டாள். இளம்பெண் ஏழில் படுத்துக்கொண்டாள். சீட்டுகளை யாரும் மாற்றவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பெயர்.

நான் ஏழாம் கட்டிலுக்குப் பென்சிலின் ஊசியோடு போனேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "என்னாங்க சிஸ்டர்" என்றாள். முகத்தைப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை, போட்டுவிட்டேன். ஐந்து நிமிடத்தில் அவள் முகம் வீங்கி மூச்சு இழுத்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். வார்டின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து மாற்று ஊசி போட்டு, டாக்டரைக் கூப்பிட்டு, பெண்ணைப் பிழைக்க வைத்தது அவள்தான்.

அப்போது இரண்டு பேருக்குமே வேலை நிரந்தரமாகவில்லை. நான் ஐந்து மாதக் கர்ப்பம். அதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. மதர் வருவதற்குள் அவள் என் கையிலிருந்த காலி ஊசிக்குழாயை வாங்கிக்கொண்டாள். "நீங்க புள்ளத்தாச்சிக்கா. உங்கள வூட்டுக்கு அனுப்பிட்டா என்னா ஆவறது? நான் ஒண்டிதான, என்ன என்னா பண்ணிடுவாங்க" என்றாள். நான் வேண்டாம் என்று சொன்னதாக நினைவில்லை. மதர் அவள் பெயரை எழுதினார். ஒரு வருடம் டி.பி. வார்டில் போட்டார். அங்கே அவள் ஒரு காரியம் செய்தாள். நோயாளியின் மணிக்கட்டில் பிளாஸ்திரி ஒட்டி, அதில் பெயரையும், கணவர் பெயரையும், சீட்டு எண்ணையும் எழுதினாள். கட்டில் மாறினாலும் பிளாஸ்திரி கூடவே போகும். அதைப் பார்த்து நான் பெண்கள் வார்டில் ஆரம்பித்தேன், பிறகு ஆஸ்பத்திரி முழுக்கப் பழக்கமாகிவிட்டது. இதில் எதையும் என் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதில்லை. இன்றுவரை அவருக்குத் தெரியாது.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மகளுக்கு முறுக்குப் பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். ரிஜிஸ்டரைக் கேட்டிருக்கிறார்கள் என்ற செய்தி அவளுக்கும் எட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் கடைக்குப் போகும்வரை காத்திருந்துவிட்டுப் பேச்சை எடுத்தாள்.

"அந்தப் பக்கத்தக் காட்டிக் கேட்டா என்னாங்க்கா சொல்றது? உங்க பேரு வராம சொல்லணும். எனக்குப் பொய் சொல்ல வராது, தடுமாறிப் போவன். நீங்களே ஒரு பதிலு சொல்லிக் குடுங்க."

மிரட்ட வந்தாளோ என்று ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த நினைப்பு வந்ததற்காகவே என்னைச் செருப்பால் அடிக்கலாம். அவள் நிஜமாகவே பதில் கேட்டுத்தான் வந்திருந்தாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை கணக்குக் கேட்பது போல.

அவளைக் காப்பாற்றுகிற பதில் ஒன்று இருந்தது. என் பெயரும் அதில் வராது. கட்டில் மாறிப்போனது, ஒரே பெயர், அதனால் நடந்தது, அதிலிருந்து பாடம் படித்து நான்தான் பிளாஸ்திரி ஒட்டும் வழக்கத்தை ஆரம்பித்தேன் என்று அவள் சொன்னால் போதும். இத்தனை வாரம் நூறு கேள்வி படித்தவளுக்கு, அதுதான் முதல்தரமான பதில் என்று உடனே தெரிந்தது. தெரிந்துதான் சொல்லாமல் விட்டேன்.

"காரணம் எதுவும் சொல்லாத. சாக்கு சொல்றான்னு நெனப்பாங்க. கவனக்கொறவு, தப்புதான், மன்னிச்சிருங்கன்னு சொல்லிடு. ஒத்துக்கறவளத்தான் அவுங்களுக்குப் புடிக்கும்" என்றேன்.

"அது போதுங்களாக்கா?"

"போதும்."

அவள் நாலைந்து தடவை அதைச் சொல்லிப்பார்த்தாள். நான் ஸ்டூலுக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல் என்று திருத்தினேன். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்குக் கிடைத்தாலும் சரி, நமக்குள் ஒன்றும் வரக்கூடாது என்றாள். அவள் போனதும் தொட்டியில் கையைக் கழுவினேன். சோப்புப் போட்டு, முழங்கை வரை, ஆபரேஷன் தியேட்டரில் கழுவுவது போலக் கழுவினேன்.

நேர்காணல் நாளில் அவளை முதலில் கூப்பிட்டார்கள். கதவு சாத்தியிருந்தது, வெளியே பெஞ்சில் நான். பத்து நிமிடத்தில் வந்துவிட்டாள். "நீங்க சொன்ன மாதிரியே சொல்லிட்டங்க்கா" என்றாள். முகம் தெளிவாக இருந்தது. பாரம் இறங்கியது போல மூச்சு விட்டாள்.

நான் கதவைத் தட்டி, தலையை நிமிர்த்தி உள்ளே போனேன். தலைமைப் பண்பு, நிதானம், அரவணைப்பு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அளவுக்கு மீறி உழைக்கிறேன் என்றும் சொன்னேன். மேஜை மேல் நீல ரிஜிஸ்டர் திறந்தபடி கிடந்தது. உங்கள் வார்டில் நடந்த ஒரு தவறையும், அதன்பின் நீங்கள் செய்ததையும் சொல்லுங்கள் என்றார் பெங்களூர் டாக்டர். ஒரு ஜூனியர் நர்சின் கவனக்குறைவால் ஒரு பெண்ணின் உயிருக்கு ஆபத்து வந்தது, பெயரைச் சொல்ல நான் விரும்பவில்லை, அதன்பிறகு எங்கள் வார்டில் மணிக்கட்டில் பிளாஸ்திரி ஒட்டும் முறையைக் கொண்டுவந்தேன் என்றேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை என்றதற்கு ஃபாதர் மெச்சிக்கொள்வது போலத் தலையாட்டினார். பெரிய டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார். என் நாக்கை நானே பிடுங்கி அந்த மேஜை மேல் போட்டுவிட்டு வெளியே வரலாம் போலிருந்தது. ஆனால் நன்றி சொல்லி, நாற்காலியைச் சத்தம் வராமல் பின்னால் தள்ளி, புத்தகத்தில் சொன்னபடிதான் வந்தேன்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்த வாரம் எனக்கு உத்தரவு வந்தது. என் வீட்டுக்காரர் தெருவுக்கே லட்டுக் கொடுத்தார். நர்சுகள் மாலை போட்டார்கள், மாலையை வாங்கிவந்து முதலில் போட்டது அவள். கதவில் பலகை மாட்டினார்கள். நீல ரிஜிஸ்டர் என் பீரோவுக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பக்கத்தை எடுத்து உண்மையை எழுத என் கையில் பேனாவும் இருந்தது, அதிகாரமும் இருந்தது. ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். மதரின் கையெழுத்து நேராக, அழகாக இருந்தது. மூடி வைத்தேன்.

மேட்ரன் வீட்டுக்கு நாங்கள் போகவில்லை. தருமபுரியை விட்டு வர வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் மனமில்லை. வீட்டைப் பூட்டி, உடைந்த கட்டில்களை உள்ளே போட்டு வைத்தோம். சாவி என் அறை ஆணியில் தொங்கியது.

வைகாசியில் ஒரு மத்தியானம் அவள் வந்தாள். கதவைத் தட்டவில்லை, எப்போதும் போல நேரே உள்ளே வந்து மேஜை ஓரமாக நின்றாள்.

"அக்கா, அந்த வூடு சும்மாதான பூட்டிக் கெடக்குது. அம்மாவக் கொண்டாந்து ஒரு ரூம்புல வெச்சிக்கிட்டுமா? கட்டிலுங்கள நானே தள்ளி வெச்சிக்கறன். அண்ணி சோறு கூட ஒழுங்கா போடறதில்லைங்க்கா."

ஆணி என் தலைக்கு மேலேதான் இருந்தது. எழுந்துகூட நிற்க வேண்டாம், கையைத் தூக்கினால் சாவி.

"கமிட்டி பார்வைக்கு வெக்கறன்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. என் குரல் அவ்வளவு இதமாக, அவ்வளவு மரியாதையாக இருந்தது. அவள் "சரிங்க்கா, வெச்சிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போனாள். நம்பித்தான் போனாள்.

அந்த வருடம் கமிட்டி மூன்று தடவை கூடியது. பார்வைக்கு வைக்க வேண்டியவற்றின் பட்டியலை மூன்று தடவையும் நான்தான் எழுதினேன். உடைந்த கட்டில்கள், கிழிந்த மெத்தைகள், கிணற்று மோட்டார் எல்லாம் அதில் இருந்தன. அவளைத் தினமும் அந்த வீட்டு வாசலில் பார்த்துக்கொண்டு இந்த நாற்காலியில் உட்கார என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், அவளுடைய அம்மா அந்த மாட்டுக்கொட்டகையிலேயே இறந்துபோனார். மூன்று நாள் விடுப்புக் கேட்டு அவள் கடிதம் எழுதிக் கொடுத்தாள். வாங்கியதும் கையெழுத்துப் போட்டேன். அதற்கு மட்டும் கமிட்டியைக் கேட்கத் தேவையிருக்கவில்லை.